பரவல் பூஜ்யம்

குடலிறக்கத்துக்கு அறுவை சிகிச்சை செய்துகொள்ளப் பெரிய மருத்துவமனையில் சேர்ந்த அன்று குழாய்க்காரரின் வயிறு சுத்தமாக இருந்தது. அதற்கு ஒரு தாள் ஆதாரம் இருந்தது. பிறகு அந்தத் தாள் காணாமல் போனது. அதனால் அவர் வயிறும் சுத்தமாக இருந்ததில்லை என்று முடிவாகிவிட்டது.

அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. முப்பது வருடமாகத் தண்ணீர்க் குழாய் வேலை. மோட்டாரும் இரும்புக் குழாயும் தூக்கித் தூக்கி வலப்பக்க அடிவயிற்றில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு புடைப்பு. இருமினால் வெளியே வரும், படுத்தால் உள்ளே போகும். சின்ன வேலைதான், மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று அறுவை மருத்துவர் சொல்லியிருந்தார். அவரும் மனைவியும் ஒரு பையில் இரண்டு லுங்கி, ஒரு துண்டு, சோப்பு டப்பாவுடன் பத்தாம் தேதி காலை போய்ச் சேர்ந்தார்கள்.

சேர்ந்ததும் மலத்தைப் பரிசோதனைக்கு எடுத்தார்கள். அடுத்த அரை மணிக்குள் இரண்டு ஊசி போட்டு ஒரு மாத்திரையும் கொடுத்தார்கள்.

"எனக்குக் காய்ச்சல் எதுவும் இல்லியே சிஸ்டர்?"

"வரக் கூடாதுன்னுதான்."

"ஆப்பரேஷன் நாளைக்குத்தானே?"

"மயக்க டாக்டர் லீவுல இருக்காரு. அவரு வந்ததும் பண்ணுவாங்க. அதுவரைக்கும் மருந்து போயிட்டே இருக்கும்."

மயக்க டாக்டர் ஏழு நாள் கழித்து வந்தார். ஏழு நாளும் மருந்து போனது. இல்லாத நோய்க்கு இவ்வளவு அக்கறையாகச் சிகிச்சை கொடுத்த இடத்தைக் குழாய்க்காரர் அதற்கு முன் பார்த்ததில்லை.

பக்கத்துக் கட்டிலில் ஒரு சலூன்காரர் படுத்திருந்தார். சர்க்கரைப் புண், இடது பாதத்தில் பெரிய கட்டு. அவருடைய மனைவி கட்டிலுக்கு அடியில் பாய் போட்டு உட்கார்ந்து, எந்த மருந்தை எப்போது கொடுத்தார்கள் என்று ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொண்டே இருப்பார். கட்டிலின் கால்மாட்டில் 'கவனம்' என்று ஒரு மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது.

"அது என்னங்க?" என்று சேர்ந்த அன்றே குழாய்க்காரர் கேட்டார்.

"நேத்து ஒட்டினாங்க. எந்த மருந்துக்கும் அசையாத கிருமியாம் எனக்கு. உங்களுக்கும் ஒட்டுவாங்க, அவசரப்படாதீங்க" என்றார் சலூன்காரர். பிறகு குழாய்க்காரரின் பின்னந்தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "யாருங்க வெட்டிவிட்டது? பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சுன்னு பாதியில ஓடிட்டானா?"

இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஒரு வாஷ்பேசின். அதற்கு மேலே 'கை கழுவுவோம், உயிர் காப்போம்' என்று ஒரு பலகை. பலகையில் கழுவும் முறை ஏழு படங்களாக இருந்தது. எட்டாவதாக மருத்துவமனை இயக்குநரின் படம் இருந்தது. குழாய்க்காரர் பலகையைப் பார்க்கவில்லை, வாஷ்பேசினைப் பார்த்தார். தொழில் பழக்கம். குழாயிலிருந்து விழும் தண்ணீர் நேராகக் கழிவு ஓட்டையின் மேலேயே விழுந்தது. விழுந்த வேகத்தில் ஓட்டைக்குள் இருந்த கழிவுநீர் சாரலாகத் தெறித்தது. தெறித்த இடத்தில் ஒரு எஃகுத் தட்டு இருந்தது. அந்தத் தட்டில்தான் நர்சுகள் ஊசி மருந்து கலந்தார்கள். கலந்தது போக மிஞ்சியதை அதே ஓட்டையில் ஊற்றினார்கள். நாள் முழுக்க உள்ளிருந்து களக் களக் என்று ஒரு சத்தம்.

"சிஸ்டர், இந்தக் குழாய ரெண்டு விரக்கடை முன்னாடி தள்ளி வச்சிருக்கணும். தண்ணி ஓட்டையில அடிச்சு மேல வருது பாருங்க. கீழ வளைஞ்சிருக்கிற டிராப்புக் குழாயும் அடைச்சிருக்கு. ஒரு ஸ்பேனர் குடுத்தா நானே கழட்டிச் சுத்தம் பண்ணிடறேன்."

"ஐயோ, அதத் தொடாதீங்க. அது பொறியியல் பிரிவு."

"அவங்கள வரச் சொல்லலாமே?"

"அவங்க வரணும்னா கிருமிக் குழு எழுதித் தரணும். கிருமிக் குழுவோட பொறுப்புல மனுஷன் மட்டும்தான் வருவான், வாஷ்பேசின் வராது."

பதினேழாம் தேதி மயக்க டாக்டர் வந்தார். அறுவைக்கு முந்திய பரிசோதனையில் குழாய்க்காரரின் மலத்தில் எந்த மருந்துக்கும் அசையாத கிருமி இருப்பது தெரிந்தது. சலூன்காரர் சொன்னபடி மஞ்சள் தாளும் வந்தது. அறுவை தள்ளிப் போடப்பட்டது. கிருமி போகும்வரை அறுவை இல்லை. கிருமி போக இன்னும் வீரியமான மருந்து தரப்படும் என்றார்கள். அன்றிலிருந்து பெரிய டாக்டர் அவரைத் தொடுவதற்கு முன் ஒரு நீல அங்கியைப் போட்டுக்கொண்டார். தொட்டு முடித்ததும் அதே அங்கியோடு சலூன்காரரின் கட்டைப் பிரித்துப் பார்த்தார். வார்டுக்கு அங்கி ஒன்றுதான். அதை வீணாக்கக் கூடாது என்பதில் டாக்டர் கண்டிப்பாக இருந்தார்.

பதினெட்டாம் தேதி காலை சலூன்காரர் இறந்துபோனார். கிருமி புண் வழியாக ரத்தத்தில் ஏறியிருந்தது. இரண்டு நாளாகக் குளிர் நடுக்கம். கடைசியில் அவர் குழாய்க்காரரைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார், பல் தந்தியடித்ததில் ஒன்றும் புரியவில்லை. அவர் மனைவி நோட்டை மூடி இடுப்பில் செருகிக்கொண்டு, அவருடைய கலைந்த முடியை விரலால் வகிடெடுத்து ஒதுக்கிவிட்டார். பத்தொன்பதாம் தேதி அடக்கம்.

அன்று மத்தியானம் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி குழாய்க்காரரின் கட்டிலுக்கு வந்தாள். திரைச்சீலையை இழுத்துவிட்டாள்.

"நீங்க வந்த அன்னிக்கு எடுத்த சாம்பிள நான்தான் பார்த்தேன். சுத்தமா இருந்துச்சு. இந்தக் கிருமி உங்களுக்கு இங்க வந்ததுதான்."

"இங்க எப்படிம்மா வரும்? நான் மருந்துதானே சாப்பிட்டேன்?"

"அதனாலதான் தங்கிடுச்சு." அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "வயித்துக்குள்ள கோடிக்கணக்குல கிருமி இருக்கு. பெரும்பாலும் நல்லதுதான். சில கிருமிக்குள்ள ஒரு குட்டி வளையம் இருக்கும். எந்த மருந்தை எப்படி உடைக்கிறதுன்னு அதுல எழுதியிருக்கும். அத அது நகல் எடுத்துப் பக்கத்துல இருக்கிற கிருமிக்குக் குடுத்துடும். தன்னோட இனமா இருக்கணும்னுகூட இல்ல. உரசிக்கிட்டு நின்னாப் போதும்."

"ஃபார்ம் இல்லாமயா?"

"ஃபார்ம் இல்லாம" என்றாள் அவள் சிரிக்காமல். "நீங்க மருந்து போட்டீங்கன்னா, வளையம் இல்லாததெல்லாம் செத்துடும். வளையம் இருக்கிறதுக்கு மொத்த இடமும் காலி. ஒரே வளையத்துல அஞ்சாறு மருந்துக்கான வித்தை இருக்கும். அதுல ஏதாவது ஒண்ணக் குடுத்தாலும் மொத்தமும் சேர்ந்து நிக்கும். இப்ப அத ஒழிக்கறேன்னு இன்னொரு மருந்து தர்றாங்க பாருங்க, அது அதுக்குத் தீனி."

"நிறுத்திட்டா போயிடுமா?"

"மெதுவாக் குறையும். சில மாசம் ஆகும், சிலருக்கு வருஷம்கூட. அந்த வளையத்தச் சுமக்கறது அதுக்கு ஒரு பாரமே இல்ல. தூக்கிப் போடணும்னு அவசரம் கெடையாது. ஆனா நீங்க நல்லா இருக்கீங்க. வயித்துல இருக்கிறவரைக்கும் அது உங்கள ஒண்ணும் பண்ணாது. சலூன்காரருக்குப் புண்ணு இருந்துச்சு, ரத்தத்துக்குப் போயிடுச்சு."

குழாய்க்காரர் வாஷ்பேசினைப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

"இதுக்குள்ள இருக்குமாம்மா?"

"எடுத்துக் குடுத்தாத்தான் சொல்ல முடியும். எனக்கு எடுக்க அனுமதியில்ல."

குழாய்க்காரர் மனைவியை வீட்டுக்கு அனுப்பி ஸ்பேனரை எடுத்துவரச் சொன்னார். மனைவி ரப்பர் கையுறையும் சேர்த்துக் கொண்டுவந்தார். சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில், வார்டே கூட்டமாக இருந்தபோது, அவர் ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து டிராப்பைக் கழற்றினார். நான்கு மரை. உள்ளே கறுப்புக் களிம்பு, அழுகின முட்டை நாற்றம், இரண்டு ஊசி மூடி. களிம்பைச் சாம்பிள் டப்பாவில் போட்டு ஆய்வகப் பெண்ணிடம் கொடுத்தார். டிராப்பைக் கழுவி, திரும்ப மாட்டி, ஒழுகுகிறதா என்று தடவிப் பார்த்தார். ஒழுகவில்லை. மறுநாள் காலை முடிவு வந்தது. அதே கிருமி, அதே வளையம்.

இருபதாம் தேதி 'எதிர்ப்புக் கிருமி ஒழிப்பு உயர்மட்டக் குழு' கூடியது. மறு மாதம் தேசிய ஆய்வுக் குழு வரவிருந்தது. உள்ளே கிருமி பரவாத மருத்துவமனைக்குத் தங்கச் சான்றிதழ் உண்டு. அதனால் குழாய்க்காரரையும், பாதிக்கப்பட்ட தரப்பு என்ற முறையில் சலூன்காரரின் மனைவியையும் அழைத்திருந்தார்கள்.

நீள மேசை. பதினொரு பேர். பேச எழும் ஒவ்வொருவரும் முதலில் மேசை நடுவிலிருந்த கிருமிநாசினிப் புட்டியை மூன்று முறை அழுத்தி, கையை ஏழு விதமாகத் தேய்த்துக்கொண்டார்கள். புட்டி காலி. காற்று மட்டும் வந்தது. ஆனால் ஒருவரும் ஒரு விதத்தைக்கூட விட்டுவிடவில்லை. மறைந்த நோயாளிக்காக இரண்டு நிமிடம் எழுந்து நின்றார்கள். பிறகு குழுத் தலைவர் பேசினார்.

"நண்பர்களே, இந்த மருத்துவமனையில் கிருமி பரவுவதில்லை. இது என் கருத்து அல்ல, படிவத்திலேயே அச்சாகியிருக்கிறது. 'உள்ளே பரவியது' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று முன்கூட்டியே அச்சடித்து வாங்கியிருக்கிறோம். ஊழியர்கள் கவனக்குறைவாக வேறு எதையாவது எழுதிவிடக் கூடாது அல்லவா? மூன்று ஆண்டுக்கு முன் இங்கே மாதம் நாற்பது கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. நான் பொறுப்பேற்றதும் பரிசோதனைகளைக் குறைத்தேன். இன்று மாதம் இரண்டுதான். மருந்து விஷயத்திலும் நாங்கள் அலட்சியம் காட்டுவதில்லை. வாசலில் தும்முகிறவருக்குக்கூட ஐந்து நாள் மருந்து. என் வீட்டு நாய்க்கும் நான் அப்படித்தான். நாய் இப்போது எந்த மருந்துக்கும் மசிவதில்லை, அந்த அளவுக்குத் திடமாக இருக்கிறது."

கைத்தட்டினார்கள். குழுச் செயலாளர் ஒரு தாளைக் குழாய்க்காரர் முன் தள்ளினார்.

"ஒரு கையெழுத்து. மேற்படி கிருமியை நான் என் வீட்டிலிருந்து கொண்டுவந்தேன், என்னிடமிருந்து பக்கத்துக் கட்டில் நோயாளிக்குப் போயிருக்கலாம். அவ்வளவுதான். போட்டீங்கன்னா நாளைக்கே ஆப்பரேஷன்."

"கிருமி போனாத்தான் ஆப்பரேஷன்னு சொன்னீங்க?"

"கையெழுத்துப் போட்டா போயிடும்."

குழாய்க்காரர் தாளை ஒருமுறை படித்தார். அடிவயிறு வலித்தது. எதிரே நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்கத் துணியாமல் குழாய்க்காரர் மேசையைப் பார்த்தபடி சொன்னார்: "நான் வந்தப்ப சுத்தமா இருந்தேங்க. லேப்ல தாள் இருக்கு."

"அந்தத் தாள் சட்டப்படி இல்லை" என்றார் செயலாளர். "அதில் பச்சை மையில் மேலொப்பம் இல்லை. அதனால் அப்புறப்படுத்திவிட்டோம்."

"வாஷ்பேசின்ல இருந்து எடுத்தது? அதுல அதே கிருமி இருக்குன்னு வந்திருக்கே?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"அந்தக் குழாயைக் கழற்றியது யார்?"

"நான்தான்."

"உங்கள் வயிற்றில் கிருமி இருக்கிறதா?"

"இருக்குன்னு நீங்கதான் சொன்னீங்க."

"ஆக, கிருமியுள்ள ஒருவர் குழாயைத் தொட்டிருக்கிறார். இப்போது குழாயில் கிருமி இருக்கிறது. ஐயா, எங்கள் வாஷ்பேசினுக்கு நோயைப் பரப்பியது நீங்கள்." அவர் செயலாளர் பக்கம் திரும்பினார். "வாஷ்பேசினையும் பாதிக்கப்பட்ட தரப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்."

வாயிற்புறம் நின்றிருந்த குழாய்க்காரரின் மனைவிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "வீட்ல இருந்து கொண்டாந்தாராம்ல! முப்பது வருஷமா இவரு வயித்துக்கு நான்தான் பொங்கிப் போடறேன். எனக்குத் தெரியாம அதுக்குள்ள என்ன போயிருக்கும்?" என்றார். அவருடைய கூற்று குறிப்பேட்டில் 'வீட்டில் உணவு சமைக்கப்படுவதை உறவினர் ஒப்புக்கொண்டார்' என்று பதிவானது.

"கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார் குழாய்க்காரர். சத்தமாகச் சொல்லவில்லை. "செத்தவரு என் கூடப் பேசிக்கிட்டிருந்தவருங்க. அவர நான் கொன்னேன்னு எழுதிக் குடுத்துட்டு, அந்தக் கத்திக்குக் கீழ எப்படிங்க படுப்பேன்?"

அப்போதுதான் சலூன்காரரின் மனைவி நோட்டைத் திறந்தார். அவருக்குப் பேசிப் பழக்கமில்லை. ஒரு விரலை வரியில் வைத்துக்கொண்டு வாசித்தார்.

"ஒன்பதாம் தேதி. காலையில ரெண்டு ஊசி. பதினோரு மணிக்கு மஞ்சத் தாள் ஒட்டினாங்க, கிருமின்னு சொன்னாங்க." பக்கத்தைத் திருப்பினார். "பத்தாம் தேதி. பக்கத்துக் கட்டிலுக்குப் புதுசா ஒருத்தர் வந்திருக்காரு." நிமிர்ந்தார். "எங்க வீட்டுக்காரருக்கு முந்தின நாளே வந்துடுச்சுங்க. இவரு எப்படிக் குடுத்திருக்க முடியும்?"

பதினொரு பேரும் அந்த நோட்டைப் பார்த்தார்கள். அது கோடு போட்ட, நாற்பது பக்க நோட்டு. தலைவர் எழுந்து புட்டியை மூன்று முறை அழுத்தினார், ஏழு விதமாகத் தேய்த்தார்.

"தேதிகளில் குளறுபடி இருப்பதாகத் தெரிகிறது. குழு அதைச் சரிசெய்யும்."

வெளியே வந்ததும் அந்த அம்மா குழாய்க்காரரிடம் வந்தார். அவர் சொன்னார்: "நீங்க போய் முதல்ல வயித்தப் பாருங்கண்ணா. இங்க படுக்காதீங்க."

குழாய்க்காரர் படுக்கவில்லை. கிருமியுள்ள, ஒத்துழைக்காத நோயாளி என்று மஞ்சள் தாளிலேயே எழுதிக் கையில் கொடுத்து அன்றே அனுப்பிவிட்டார்கள். இரண்டு தெரு தள்ளி ஆறு கட்டில் உள்ள சின்ன மருத்துவமனை ஒன்று இருந்தது. அங்கே நடுத்தர வயதுப் பெண் மருத்துவர் ஒருவர் அந்த மஞ்சள் தாளைப் படித்துவிட்டு மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார். "வயித்துல இருந்தா இருக்கட்டும். எல்லார் வயித்துலயும் ஏதோ ஒண்ணு இருக்கத்தான் செய்யும். நான் கைய ஒழுங்காக் கழுவிக்கறேன், நீங்களும் கழுவுங்க. கண்ட மருந்தும் சாப்பிடாதீங்க" என்றார். அறுவைக்கு முன் ஒரே ஒரு ஊசி. வேறொன்றும் இல்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். புண் ஆறிவிட்டது. ஆறாவது மாதம் மறுபடி பார்த்தபோது அந்தக் கிருமி கண்ணில் படவில்லை. போய்விட்டதா, மூலையில் ஒடுங்கி இருக்கிறதா என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர். உண்மையைச் சொன்னதால் குழாய்க்காரருக்கு அவரைப் பிடித்திருந்தது.

இதற்கிடையில் பெரிய மருத்துவமனை தங்கச் சான்றிதழ் வாங்கியது. 'பரவல் பூஜ்யம்' என்று வாசலில் இருபதடி அகலத்தில் பலகை வைத்தார்கள். ஆய்வகப் பெண் சலவைப் பிரிவு மேற்பார்வைக்கு மாற்றப்பட்டாள். வாஷ்பேசினுக்குக் கீழே கழற்ற முடியாதபடி ஒரு பூட்டுப் பெட்டி அடித்தார்கள். தண்ணீர் இன்னும் ஓட்டையின் மேலேயேதான் விழுகிறது.

ஒருநாள் காலை பத்து மணி வாக்கில் சலூன்காரரின் மனைவி குழாய்க்காரரைத் தேடி வந்தார். கையில் இறப்புச் சான்றிதழ். கடையைத் தன் பேருக்கு மாற்றக் கேட்டிருந்தார், அப்போதுதான் வந்ததாம்.

"இதக் கொஞ்சம் படிங்கண்ணா. நான் தப்பாப் படிக்கறேனான்னு பாருங்க."

அவர் தப்பாகப் படிக்கவில்லை. குழு தேதிகளைச் சரிசெய்திருந்தது. குழாய்க்காரருக்குக் கிருமி கண்டது பதினேழாம் தேதி. ஆகவே சலூன்காரருக்குக் கிருமி கண்டது பத்தொன்பதாம் தேதி. கிருமி கண்ட பிறகுதானே அதனால் இறக்க முடியும்? ஆகவே அவர் இறந்தது இருபத்திரண்டாம் தேதி. குழு அவருக்காக எழுந்து நின்ற அன்று, ஆவணப்படி, அவர் வார்டில் உயிரோடு படுத்திருந்தார்.

இருவரும் மருத்துவமனைப் பதிவேட்டுப் பிரிவுக்குப் போனார்கள். கம்பிக்குப் பின்னால் ஒரு எழுத்தர். சான்றிதழை வாங்கிப் பார்த்தார், பெரிய பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"சரியாத்தான் இருக்கு. இருபத்திரண்டு."

"பதினெட்டாம் தேதி காலையில செத்தாருங்க. பத்தொன்பதாம் தேதி அடக்கம் பண்ணிட்டோம்" என்றார் சலூன்காரரின் மனைவி.

"அது நீங்க அவசரப்பட்டது. அதுக்கு ஆஸ்பத்திரி பொறுப்பில்ல."

குழாய்க்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். என்ன கத்தினார் என்று அவருக்கே பிறகு நினைவில்லை. காவலாளி வந்து அவர் தோளில் கை வைத்தான். வரிசையில் பின்னால் நின்றவர்கள், சீக்கிரம் பாருங்க என்றார்கள். எழுத்தர், ஆட்சேபம் இருந்தால் மனு கொடுக்கலாம் என்றும், மனுவைச் சம்பந்தப்பட்ட நோயாளிதான் நேரில் வந்து தர வேண்டும் என்றும் பொறுமையாக விளக்கினார்.

சலூன்காரரின் மனைவி கத்தவில்லை. நோட்டை எடுத்து, பதினெட்டாம் தேதிக்குப் பிறகு வெறுமையாக இருந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கம்பிக்குள் குனிந்து, உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டார்:

"அப்ப இன்னும் நாலு நாள் இருந்தாராங்க? யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, வந்து பக்கத்துல உக்காந்திருப்பேனே."